புதன்சந்தையும் ஒன்றாம் நம்பர் கணக்கும்

மார்ச் பிறந்துவிட்டால் எங்களுக்கு வேறு நினைப்பு இருக்காது. கேட்பு (ஊராட்சிக்கு வர வேண்டிய வரி), வசூல், நிலுவை. இந்த மூன்று சொல்லோடுதான் படுத்து எழுவோம். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றுப்பாசன ஊர் ஒன்றில் ஊராட்சி செயலராக இருக்கிறேன். வாழை இலையும் கத்தரிக்காயும் வந்து இறங்குகிற புதன்சந்தைதான் எங்கள் ஊருக்கு உயிர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலிருந்து ஒரு திட்டத்தில் பணம் வந்தது. பத்துக் கடை கொண்ட வணிக வளாகம் கட்ட வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் செலவைக் காட்ட வேண்டும். பஸ் நிற்கிற இடத்தில் நிலத்துக்கு வில்லங்கம். ஊருக்குத் தெற்கே புறம்போக்கு சும்மா கிடந்தது. அந்த இடத்தைக் குறித்து எழுதியவன் நான்தான். கட்டடம் எழும்பியது, ஷட்டர் மாட்டினோம். வாடகை ஏலம் மூன்று தடவை போட்டும் ஆள் வரவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஒரு கடையாவது எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

“தம்பி, அங்க ஆடுதான் வந்து படுக்கும். ஆளு இங்கல்லா இறங்குது” என்றார்.

ஊரின் வியாபாரம் எங்கே நடக்கிறது என்று ஊரைக் கேட்காமல் கட்டிய தப்பு அது. ஷட்டர் துருப்பிடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனசு உறுத்துகிறது.

அதே அண்ணாச்சியிடம் தொழில் வரிக்குப் போனபோது சண்டை வந்தது. “ஜிஎஸ்டி கட்டுதேன், லைசென்ஸ் கட்டுதேன். இது வேற எதுக்கு?” நியாயமான கேள்விதான். ஜிஎஸ்டி மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் போகிறது. ஊருக்கு அது சுற்றி வளைத்து மானியமாகத்தான் திரும்பும். தொழில் வரி அப்படியில்லை. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் யாரிடமும் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு கட்டியிருக்கிற சின்ன வரி அது. ஆனால் வாங்கிய பணம் ஊரிலேயே தங்கும். இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், பணம் எடுக்கவில்லை.

ஊராட்சிக்குப் பணம் பல வாய்க்காலில் வருகிறது. மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், பத்திரப் பதிவில் கிடைக்கிற பங்கு, கல்குவாரி உள்ள ஊருக்குக் கனிம வருவாய். எங்கள் ஊரில் குவாரி கிடையாது. 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முடிச்சுப் போட்டே வந்தது; அதைக் கொண்டு சந்தைக்கு மண் அடிக்க முடியாது. வீட்டு வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை என்று ஊரில் நாங்களே பிரிக்கிற பணம் ஊராட்சியின் பொதுக் கணக்கான ஒன்றாம் நம்பர் கணக்கில் விழும். தொகை கம்மிதான். ஆனால் சின்ன வேலை எதற்கு என்றாலும் ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டுச் செலவழிக்கலாம்.

அதன் அருமை தெரிந்தது, தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் அதிகாரி ஒருவரே ஊராட்சியை நடத்திய தனி அலுவலர் காலத்தில். 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் அடுத்த தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. தேர்தல் நடக்கவில்லை என்று மத்திய மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள். தெருவிளக்கு பல்பு மாற்றியதும், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டியதும் அந்த நாட்களில் வீட்டு வரியில்தான்.

அப்போதுதான் கேட்புப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்து உட்கார்ந்தேன். ஓட்டு வீடு என்று எழுதிய இடத்தில் மாடி நிற்கிறது. மும்பையிலும் சென்னையிலும் கடை வைத்திருப்பவர்கள் கட்டியவை. வரி மட்டும் ஓட்டு வீட்டுக்குப் போட்டது. டேப்பைப் பிடித்துத் தெருத் தெருவாக அளந்தோம். பகையும் வந்தது. ஆனால் பீடி சுற்றுகிற ஆச்சி ஒருத்தர் வருசா வருசம் முதல் ஆளாக வந்து, “ரசீதப் போடு தம்பி, தட்டு அப்படியே கெடக்கு” என்று எண்ணி வைப்பார். அவர் வரி கட்டும்போது மாடி வீட்டுக்காரர் மாடிக்குரிய வரியைக் கட்டாமல் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தேர்தலுக்குப் பிறகு வந்த மே தினக் கிராம சபையில் சந்தைப் பெண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டோம். ஒருத்தரும் கடை கேட்கவில்லை. “ஐப்பசி மழையில சாக்கு நனையக் கூடாது. விடியுமுன்ன இறங்குதோம், லைட்டு வேணும். ஒதுங்க ஒரு எடம் வேணும்.” கழிப்பறை சுகாதாரப் பணத்தில் நடந்தது. மழைத்தண்ணீர் வடிய வாறுகால், சரள் மண், இரண்டு விளக்குக் கம்பம், கழிப்பறையைக் கழுவுகிற அம்மாவுக்குக் கூலி எல்லாம் எங்கள் வரியில்.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த பேய்மழையில் சந்தைத் திடல் முழுக்க வண்டல். அந்தப் புதன் சந்தை கூடவில்லை. எந்த உத்தரவும் வருவதற்கு முன்பே தலைவர் ஜேசிபியை வரச் சொல்லிவிட்டார். வாடகைக்கு ஒன்றாம் நம்பர் கணக்கில் பணம் இருந்தது. அடுத்த புதன் இலைக்கட்டு வந்து இறங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தெற்கே அந்தப் பத்துக் கடையை இலைக்கட்டு வைக்கிற கிட்டங்கியாக மாற்றித் தரச் சொல்லி எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

போன மார்ச்சில் அண்ணாச்சி தானாகவே ஆபீசுக்கு வந்தார். இரண்டு அரையாண்டுத் தொழில் வரியையும் சேர்த்து மேசையில் வைத்தார். ரசீதை வாங்கிப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, “வாறுகால்ல மண்ணு நிக்கி தம்பி. சந்தைக்கு முந்தி ஆள் விடணும்” என்றார்.

மறுநாள் காலையிலேயே அனுப்பினேன்.