தேய்ந்த வளையமும் தேயாத முளையும்

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

இன்று பிற்பகல் கடற்காற்று எழுந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பாயை ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு மாற்றிய நொடியில், சுக்கான் பிடி என் கையில் கனமற்றுப் போயிற்று. திரும்பிப் பார்த்தபோது சுக்கான் மேல் முளையில் மட்டும் தொங்கி, நீரின் இழுப்புக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருந்தது. கீழ் வளையம் முறிந்துவிட்டது. உடன் வந்த அக்கா மகன் பதறாமல் பாயை இறக்கினான். துடுப்பையே சுக்கானாகப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தோம்.

படகு, ஜாக் ஹோல்ட் 1956-இல் வடிவமைத்த என்டர்பிரைஸ் வகை, இருவர் ஓட்டுவது, நீளம் 4.04 மீட்டர். எங்களுடையது ஒட்டுப்பலகையில் கட்டப்பட்டது. பல கைகள் மாறி என்னிடம் வந்தது. கீலில் கதவு தொங்குவதைப் போலத்தான் இதில் சுக்கான் தொங்குகிறது. சுக்கானில் உள்ள இரண்டு முளைகள், படகின் பின்பலகையில் உள்ள இரண்டு வளையங்களுக்குள் மேலிருந்து இறங்கி நிற்கும். பாய்ப்படகுக்காரர்கள் முளையைப் பின்டில் என்றும் வளையத்தைக் கட்ஜன் என்றும் சொல்வார்கள். நான் முளை, வளையம் என்றே எழுதப்போகிறேன்.

பிப்ரவரி 6

முறிந்த துண்டைச் சோப்பு நீரில் கழுவி, கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் உருப்பெருக்கியால் பார்த்தேன். முறிந்த முகத்தின் நடுப்பகுதி மஞ்சளாகப் பளிச்சிடுகிறது. அதைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிப்புக்குச் செங்கல் போன்ற மங்கிய இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பைப் பேனாக்கத்தியால் சுரண்டினால் உலோகம் சுருளாக வராமல் பொடியாக உதிர்கிறது.

இதற்குப் பொருள் தெளிவு: இது பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் துத்தநாகம் 15 விழுக்காட்டைத் தாண்டினால், உப்புநீர் அந்தத் துத்தநாகத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி எடுத்துவிட்டு, வலுவில்லாத செம்புக் கூட்டை மட்டும் விட்டுவைக்கும். சாதாரண மஞ்சள் பித்தளையில் துத்தநாகம் 35 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும். கொடுமை என்னவென்றால், வெளி உருவமும் அளவும் சிறிதும் மாறுவதில்லை; அடித்துப் பார்த்தாலோ சுரண்டிப் பார்த்தாலோ ஒழிய நோய் தெரியாது.

மேல் வளையத்தையும் கழற்றிப் பார்த்தேன். அது பழுப்பு கலந்த செந்நிறம். அரத்தால் தேய்த்தால் உள்ளே இளம் பொன்னிறம். இளஞ்சிவப்பு எங்கும் இல்லை. அது கன்மெட்டல், அதாவது செம்புடன் வெள்ளீயம் சேர்ந்த வெண்கல வகை. ஆக, மேலது படகோடு பிறந்தது. கீழது பிற்காலத்தில் யாரோ பித்தளையில் வார்த்து மாட்டியது. உருவத்தை அச்சு அசலாகப் பின்பற்றியவர் உலோகத்தைக் கவனிக்கவில்லை. அந்த ஒரு பிழையைத்தான் நான் திரும்பச் செய்யக்கூடாது.

பிப்ரவரி 10, சனி

காலை முழுவதும் பாரிமுனை, லிங்கிச் செட்டித் தெரு, பிறகு காசிமேடு. மீன்பிடி விசைப்படகுகளுக்கான சாமான்கள் காசிமேட்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவை பல டன் எடையுள்ள படகுகளுக்கானவை, என் படகில் மாட்டினால் பின்பலகையே தாங்காது. சிறு பாய்ப்படகுகளுக்கென்று இப்போது விற்பவை ஸ்டெயின்லெஸ் தகட்டை மடித்துச் செய்தவை. அவற்றின் முளைகள் 8 அல்லது 10 மில்லிமீட்டர். துளைகளின் இடைவெளியும் வேறு. அவற்றை மாட்ட வேண்டுமானால் பின்பலகையில் புதுத் துளைகள் போட வேண்டும்; அறுபது ஆண்டுகளாக நனைந்து காயும் ஒட்டுப்பலகையில் தேவையில்லாத ஒரு துளையைக்கூடப் போட எனக்கு மனமில்லை.

வார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 13

அளவெடுப்பதில் மட்டும் இரண்டு மாலைகள் போயின. இந்த வேலையில் எல்லாமே இங்கேதான் தீர்மானமாகிறது என்று நினைக்கிறேன்.

மேல் வளையத்தின் துளையை வெர்னியரால் அளந்தால் ஒரு திசையில் 10.6 மி.மீ., குறுக்கே 9.7 மி.மீ. என்று வருகிறது, வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகிவிட்டது. முளையின் நடுப்பகுதி 8.9 மி.மீ. இந்த இரண்டு எண்களை எழுதிக்கொண்டு போய் லேத் பட்டறையில் கொடுத்தால், அவர்கள் தேய்மானத்தையே புதிதாகச் செய்து தருவார்கள். முளையில் வளையம் தொடவே முடியாத ஓர் இடம் உண்டு: அடிப்பகுதியில், அது தகட்டோடு சேரும் விளிம்பு. பச்சைக் களிம்பைத் துடைத்துவிட்டு அங்கே அளந்தேன்: 9.5. அதாவது அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. அது தெரிந்ததும் மற்ற அளவுகள் எல்லாம் தாமாகவே விளங்கின. தகட்டின் தடிப்பு கால் அங்குலம். போல்ட்டுகள் விட்வொர்த் எனப்படும் பழைய பிரிட்டிஷ் அங்குல முறையில் கால் அங்குல மரை. முளைக்கும் துளைக்கும் இடையே விட்ட இடம் 0.2 மி.மீ. அளவில், ஏனெனில் துளை தேயாத குறுக்குத் திசையில் இன்னும் 9.7 ஆகவே இருக்கிறது.

ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரையின் கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60. நம் நாட்டில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் வந்ததும் 1956-இல்தான், இந்தப் படகு வரையப்பட்ட அதே ஆண்டு. அந்த ஒற்றுமை எனக்குப் பிடித்திருக்கிறது; ஆனால் 9.5 மி.மீ. முளையைக் கடையில் கிடைக்கும் 10 மி.மீ. வளையத்தில் போட்டால் அரை மில்லிமீட்டர் ஆட்டம் விழும், அந்த ஆட்டம் ஒவ்வொரு அலைக்கும் ஓர் அடியாக விழுந்து துளையை இன்னும் அகலப்படுத்தும் என்பதுதான் இதன் நடைமுறை விளைவு.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். கீழ் முளை மேல் முளையைவிட 12 மி.மீ. நீளம். முதலில் இதைத் தவறு என்று எண்ணினேன், பிறகுதான் புரிந்தது. படகு நீரில் ஆடும்போது குனிந்து சுக்கானை மாட்டுகிறவர், முதலில் நீளமான கீழ் முளையை வளையத்தில் நுழைத்துவிட்டு, பிறகு மேல் முளையைத் தேடலாம். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் இரண்டு வளையங்களையும் ஒரே நேரத்தில் சந்திக்க வைக்க வேண்டும்.

பிப்ரவரி 17, சனி

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சிறு வார்ப்புப் பட்டறை. அங்குள்ள மேஸ்திரி மேல் வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எதுக்கு சார் பேட்டர்ன் செலவு? இதையே மண்ணுல அமுக்கி எடுத்துடலாம், சாயங்காலமே வாங்கிட்டுப் போங்க” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் கன்மெட்டல் உறைந்து ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு சுருங்கும். 118 மி.மீ. வளையத்தை மண்ணில் அழுத்தி வார்த்தால் கிடைப்பது 116 சொச்சம். போல்ட் துளைகள் பின்பலகைத் துளைகளோடு பொருந்தா. தேய்மானமும் கூடவே வரும்.

ஆகவே தேக்கில் பேட்டர்ன், அதாவது மண்ணில் அச்சுப் பதிக்கும் மர மாதிரி, செய்யத் தீர்மானித்தேன். நீளம் 119.8, மண்ணிலிருந்து சேதமில்லாமல் உருவுவதற்காகப் பக்கங்களுக்கு இரண்டு பாகைச் சரிவு, வளையத்தைத் துளையில்லாமல் கெட்டியாகவே வார்த்து, பிறகு துளையிடுவது, செதுக்கி எடுக்க வேண்டிய முகங்களில் மூன்று மி.மீ. கூடுதல்.

சுவாமிமலையில் மெழுகில் செய்து வார்த்தால் இன்னும் நுட்பமாக வருமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். வரும். ஆனால் அம்முறையில் ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு மெழுகு உரு உருகிப் போகும். எனக்கு வேண்டியவை ஒரே மாதிரியான நான்கு எளிய வளையங்கள். அதற்கு மண்ணும் மரமும் போதும்.

மார்ச் 2, சனி

முதல் வார்ப்பு வீணாயிற்று.

உலோகம் உருக்கும் மூசையில் எதைப் போடுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே காலையில் போய்விட்டேன். குவியலில் பழைய குழாய்த் திருகுகள் கிடந்தன, அவை பித்தளை. ‘கன்மெட்டல்’ என்ற சொல் பட்டறைக்குப் பட்டறை நீளும், சுருங்கும். செம்பு 85, வெள்ளீயம் 5, காரீயம் 5, துத்தநாகம் 5 என்ற கலவையில் வார்த்த கட்டிகளையே உருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தனியாக வரவழைத்து உருக்கினார்கள். உலோகம் சரியாகத்தான் இருந்தது. பிழை வேறிடத்தில்.

அவர்கள் உலோகத்தை வளையத்தின் மெல்லிய கைப்பகுதியின் முனையிலிருந்து ஊற்றினார்கள். உலோகம் ஊற்றிய வாய்ப்பகுதியை அறுத்தெடுத்துப் பார்த்தபோது வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. ஐயத்தின் பேரில் ஒன்றை அதன் கண்ணின், அதாவது முளைக்கான துளை வரவேண்டிய கெட்டிப் பகுதியின், குறுக்கே ரம்பத்தால் அறுக்கச் சொன்னேன். கெட்டியான கண் கைப்பகுதியோடு சேரும் கழுத்தில், ரவை அளவில், கொத்தாகக் குழிகள். தொட்டால் சொரசொரவென்று நறநறக்கிறது. மெல்லிய கை முதலில் உறைந்துவிட்டது. கடைசியில் உறைந்த கனமான கண், சுருங்கும்போது தனக்கு வேண்டிய உலோகத்தை எங்கிருந்தும் இழுக்க முடியாமல் உள்ளுக்குள் வெற்றிடமானது. முன்பு முறிந்ததும் ஏறத்தாழ இதே இடத்தில்தான்.

மேஸ்திரி அறுத்த துண்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே, “கண்ணு மேல ரைசர் வெக்கணும் சார், தப்பு நம்மளுது” என்றார். ரைசர் என்பது, சுருங்கும் வார்ப்புக்கு உலோகம் ஊட்டுவதற்காக அதன் மேல் விடும் உருகிய உலோகத் தேக்கம். நான் பேட்டர்னின் உள்மூலையில் மெழுகு தடவி, கூர்மையான முனையை ஐந்து மி.மீ. வளைவாக்கிக் கொடுத்தேன், மூலை கூராக இருந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும்.

மார்ச் 9, சனி

இம்முறை கண்ணின் மேலேயே ரைசர். ஊற்றி முடித்ததும் ரைசரின் மேல்முகம் நடுவில் குழிந்து இறங்கியது. அந்தக் குழிவைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை: கண் தனக்கு வேண்டியதை மேலிருந்து குடித்துக்கொள்கிறது என்பதற்கு அதுவே சான்று.

வீட்டில் நகை எடைபோடும் சிறு தராசில் ஒரு வளையத்தை நிறுத்தேன்: 264.0 கிராம். பிறகு நூலில் கட்டி, தண்ணீரில் முழுதாக மூழ்கும்படி தொங்கவிட்டு நிறுத்தேன்: 233.9. குறைந்தது 30.1 கிராம்; அடர்த்தி 8.77 என்று வருகிறது. இந்தக் கன்மெட்டலுக்கு 8.8 அளவில் இருக்க வேண்டும். பித்தளை என்றால் 8.5-ஐ ஒட்டி நின்றிருக்கும், உள்ளே குழிகள் இருந்தாலும் எண் இறங்கியிருக்கும். நான்கையும் இப்படியே சோதித்தேன். பிறகு ஒன்றை வைஸில் இறுக்கி, 9.5 மி.மீ. கம்பியைச் செருகத் துளையிட்டு, ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையை இரவு முழுவதும் தொங்கவிட்டிருக்கிறேன்.

மார்ச் 16, சனி

மூட்டை தொங்கிய வளையம் வளையவில்லை. லேத் பட்டறையில் மற்ற மூன்றுக்கும் 9 மி.மீ. துளையிட்டு, பிறகு 9.7-க்குப் பெரிதாக்கினோம். முளைகளையும் புதிதாக, மேலதைவிடக் கீழது 12 மி.மீ. நீளமாகவே, கடைந்துகொண்டேன்.

அங்கே போன கையோடு பாய்மர உச்சியின் கப்பிச் சக்கரத்தையும் செய்துகொண்டேன். பழையது துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திய பலகையில் செய்தது. நம் பட்டறைகளில் ஹைலம் என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். நைலானில் செய்யலாம் என்றார்கள். நைலான் தண்ணீரைக் குடித்து உப்பி, நடுவிலுள்ள அச்சு ஊசியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மறுத்தேன். ஹைலத்திலும் கம்பியாக வருவதைத் தவிர்த்து, தகட்டிலிருந்து வட்டமாக வெட்டிக் கடையச் சொன்னேன். அப்போதுதான் துணியின் அடுக்குகள் சக்கரத்தின் முகத்தோடு இணையாக நிற்கும், கயிறு ஓடும் பள்ளத்தின் விளிம்பு பெயராது.

மார்ச் 24, ஞாயிறு

பொருத்தும் நாள். பழைய ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளில் ஒன்று, மரத்துக்குள் மறைந்திருந்த பகுதியில் பென்சில் முனை போல் இளைத்திருந்தது. காற்று புகாத ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் தன்னைக் காக்கும் மேற்படலத்தை இழந்துவிடும். புதியவை மாலிப்டினம் சேர்ந்த 316 வகையாகவே இருக்க வேண்டும் என்பதற்காகக் கடையில் சோதித்தே வாங்கினேன்: ஒரு சொட்டுத் திரவம், ஒன்பது வோல்ட் பேட்டரி, மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும். காந்தம் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

கால் அங்குலத் துளையில் 6 மி.மீ. போல்ட் ஆடும் என்பதால், துளைகளை 10 மி.மீ. ஆக்கி, எபாக்ஸிப் பிசினால் அடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, அதன் நடுவில் 6 மி.மீ. துளையிட்டேன். இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. இரண்டு வளையங்களுக்குள்ளும் ஒரே நேர்க்கம்பியைச் செருகி வைத்துக்கொண்டே போல்ட்டுகளை முறுக்கினோம். கம்பி இறுகுவது தெரிந்த ஒவ்வொரு முறையும் அக்கா மகன் “மாமா, நிறுத்துங்க” என்பான்; தளர்த்தி, மெல்லிய தகடு ஒன்றை அடியில் வைத்து, மீண்டும் முறுக்குவேன். கடைசியில் கம்பி தன் எடையிலேயே வழுக்கி இறங்கியது.

மார்ச் 31, ஞாயிறு

பிற்பகல் முழுவதும் நீரில் இருந்தோம். பாயைப் பலமுறை புறம் மாற்றினோம். சுக்கான் பிடியில் முன்பு எப்போதும் ஒரு ‘டொக் டொக்’ அதிர்வு இருக்கும். அது படகின் இயல்பு என்றே நினைத்திருந்தேன். இன்று அது இல்லை.

கரைக்கு வந்ததும் முளைகளைத் துடைத்து அளந்தேன், 9.5 மாறவில்லை. மீதி வளையத்தையும் பேட்டர்னையும், தேயாத அளவுகளை எழுதிய அட்டையோடு சேர்த்துப் படகுப் பெட்டியில் வைத்துவிட்டேன். பிறகு படகைக் கவிழ்த்து, படகின் நடுவே நீருக்குள் இறங்கும் மையப்பலகையின் அச்சாணியைக் கழற்றினோம். அரத்தால் ஓர் இழுப்பு இழுத்ததும் ஓரங்களில் அதே இளஞ்சிவப்பு தெரிந்தது. அதன் தேயாத இடம் தலைக்குக் கீழே இருக்கிறது. நாளை அளக்க வேண்டும்.