சீலோவாம் சார்

போன நவம்பரில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் எனக்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கருவி. அதற்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் எங்காவது ஒளிப்பொட்டு மினுக்கினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். முடிந்ததும் அந்தப் பெண் தாளைப் பார்த்துவிட்டு, "பொட்டு வராதபோதும் நாலைந்து தடவை அழுத்தியிருக்கிறீர்களே" என்று சிரித்தார். தெரிகிறது என்று நினைத்துத்தான் அழுத்தினேன்.

கிளாக்கோமா, ஆரம்ப நிலை. ராத்திரி ஒரு சொட்டு மருந்து விட்டால் போதும் என்கிறார்கள். வெளியே வந்து சிட்டி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது சீலோவாம் சார் ஞாபகம் வந்துவிட்டது. நம் பள்ளியின் பழைய மாணவர் மலர்க் குழுவும் கட்டுரை கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. சரி, நாற்பத்தைந்து வருடமாக எழுதாமல் வைத்திருந்ததை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

எங்கள் 1982 செட்டுக்கு முன்பின் படித்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும், இளையவர்களுக்குத் தெரியாது. வேதபாடமும் தமிழும் எடுத்தார். பாளையங்கோட்டைக்காரர். மெட்ராஸுக்கு வந்து இருபது வருடம் ஆகியும் வாயிலிருந்து 'லே' போகவில்லை. எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்திட்டம் இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை பைபிளின் யோவான் ஒன்பதாம் அதிகாரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவனின் கண்ணில் இயேசு உமிழ்நீரால் சேறுண்டாக்கிப் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவு என்று அனுப்புகிற கதை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை.

"மொத்தம் 41 வசனம். குணமாகிறது ஏழு வசனத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு. மிச்சம் 34 வசனமும் என்னலே?" என்பார். நாங்கள் கோரஸாக "விசாரணை சார்" என்போம். அக்கம்பக்கத்தார் விசாரிக்கிறார்கள். பரிசேயர் என்கிற யூத மதப் பெரியவர்கள் விசாரிக்கிறார்கள். பெற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால், இவன் வயதுள்ளவன், இவனையே கேளுங்கள் என்று நழுவிவிடுகிறார்கள். ஊரே கூடி ஒருத்தனைக் குடைகிறது, பார்வை வந்ததற்காக ஒருவர்கூடச் சந்தோஷப்படவில்லை. இதைச் சொல்லும்போது சார் மேசையை உள்ளங்கையால் தட்டுவார், சாக்பீஸ் தூள் பறக்கும். கண்ணில் சேற்றோடு அவன் குளம்வரைக்கும் எப்படிப் போனான் என்பது அவருடைய இன்னொரு கேள்வி. "கூட யாரும் போனதா எழுதலலே. ஊர் வழியா, படி இறங்கி, தனியாத்தான் போயிருக்கான்."

அந்தப் படிகள் 2004-இல் கிடைத்தன. ஜெருசலேமில் கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டியபோது குளத்தின் கல் படிக்கட்டு வெளியே வந்தது. லண்டன் ரயிலில் பத்திரிகையில் படித்தபோது, சாரிடம் சொல்ல ஓடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவர் காலமாகி அப்போது பல வருடம் ஆகியிருந்தது.

எட்டாம் வகுப்பில், 1977-இல், எங்களைப் பரங்கிமலைக்கு அழைத்துப்போனார். தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்த இயேசுவின் சீஷர் தோமா நம் ஊருக்கு வந்து, அங்கேதான் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது மெட்ராஸ் கிறிஸ்தவர்களின் மரபு. மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தை வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கினோம். படியில் நான் சாரின் இடது பக்கம், ஒரு முழம் தள்ளி வந்துகொண்டிருந்தேன். அவர் வலது கையால் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். "சார்" என்றேன். ஆள் திடுக்கிட்டுப்போய் முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார். "எப்ப வந்த நீ?" நான் உச்சியிலிருந்தே கூடத்தான் வந்துகொண்டிருந்தேன்.

வேறொரு பையனாக இருந்தால் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பான். நான் மறுநாள் வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். சாருக்கு இடப்புறம், ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து படக்கதைப் புத்தகத்தை விரித்தேன். மூன்று அடி தூரம். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இலந்தைவடை தின்றேன். அதற்கடுத்த வாரம் அந்த பெஞ்சில் இடம் வேண்டும் என்பவர்களிடம் நான் தேன் மிட்டாய் வசூலிக்க ஆரம்பித்திருந்தேன். ஒரு பீரியடுக்கு இரண்டு. இதைப் படிக்கும் இருவர் இப்போது டொராண்டோவில் நல்ல பதவியில் இருக்கிறார்கள், அவர்களும் வாடிக்கையாளர்கள்தான்.

வகுப்பிலேயே, ஏன் சாரின் வீட்டிலும், யாருக்கும் தெரியாத ஒன்று பதிமூன்று வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. சாருக்கே தெரியாது என்பது பின்னால்தான் விளங்கியது. கிளாக்கோமாவின் விஷமம் அது. வலி கிடையாது. ஓரத்தில் பார்வை போகும்போது கறுப்பாகவும் தெரியாது. இல்லாத இடத்தை மூளையே ஏதாவது போட்டு நிரப்பிவிடும். நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால் புத்தகம் படிக்கலாம், கையெழுத்துப் போடலாம், எல்லாம் தெரிகிறது என்று சத்தியமும் செய்யலாம். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் வைத்தியம், அதனால் எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதே எல்லாம்.

1979 ஜனவரியில் புரசைவாக்கத்தில் இடப்பக்கம் வந்த சைக்கிள் ரிக்‌ஷா அவரை இடித்துத் தள்ளியது. முழங்கைக்குக் கட்டுப் போட்ட டாக்டர்தான் கண்ணைக் காட்டச் சொன்னாராம். மார்ஷல்ஸ் ரோடு, எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. நம் பள்ளியில் பாதிப்பேர் மெட்ராஸ் ஐ வந்து நின்ற அதே வரிசை. 1819-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி என்றும், உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று அது, லண்டனில் இருப்பது அதைவிடப் பழையது என்றும் சார் பெருமையாகச் சொல்வார். அந்த லண்டன் ஆஸ்பத்திரியில்தான் போன நவம்பரில் நான் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன்.

எழும்பூரில் அவரைக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, குச்சி நுனியில் வெள்ளைப் பொட்டை ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே வந்து, எப்போது தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். "நான் தெரியுதுன்னு சொல்லும்போது குச்சி கிட்டத்தட்ட மூக்குக்கு நேர வந்திருந்துச்சுலே" என்று வகுப்பில் நடித்தே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கண்ணின் அழுத்தம் குறைய வெள்ளை விழியில் சின்னத் துளை போடும் ஆபரேஷனை எலியட் என்ற வெள்ளைக்காரர் இதே ஆஸ்பத்திரியில் இருந்தபோது 1909-இல் கண்டுபிடித்தார் என்றும் சொன்னார். (எலியட்ஸ் பீச் எலியட் வேறு ஆள், போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். நான் வெகுநாள் இரண்டு பேரையும் குழப்பிக்கொண்டிருந்தேன்.) சாருக்கு வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. இடது கண்ணில் காப்பாற்ற அதிகம் மிச்சம் இல்லை.

அதற்கப்புறம்தான் ஊர் விசாரணை ஆரம்பித்தது. சபையில் ஒருவர், குடும்பத்தில் ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா என்று சாரின் மனைவியிடமே கேட்டாராம். யோவான் ஒன்பதில் சீஷர்கள் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இருவருமில்லை என்று இயேசு சொல்லிவிடுகிறார். சபைக்காரருக்கு அந்தப் பதில் போதவில்லை. கேள்விப்பட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு, ஜன்னலோர பெஞ்சில்.

அந்தக் கோடையில் ஒரு மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் போட்டார்கள். 'குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள்' என்று ஊரெல்லாம் சுவரொட்டி. சாருக்குப் போக இஷ்டமில்லை. மனைவி அழுததால் போனார். துணைக்கு என் அம்மா, அம்மாவுக்குத் துணைக்கு நான். டியூப்லைட் வரிசை, மணல், வேர்க்கடலை, ஒலிபெருக்கி. நான் அதைக் கேலி செய்ய எழுதவில்லை. அன்றைக்கு அம்மா முழங்காலில் நின்று சாருக்காக ஜெபித்ததைப் பார்த்திருக்கிறேன், புடவையெல்லாம் மண். ஜெபம் முடிந்ததும் சுகம் பெற்றவர்கள் சாட்சி சொல்ல மேடைக்கு வரலாம் என்றார்கள். தொண்டர் இருவர் சாரைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

மேடையில் ஒருவர் சாரின் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டி, "என்ன தெரிகிறது?" என்றார்.

"ரெண்டு விரல்."

மைதானம் அதிர்ந்தது. அல்லேலூயா அடங்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சார் மைக்கைப் பிடித்து இழுத்தார்.

"ஐயா, இங்க வரும்போதே ரெண்டு விரல் தெரிஞ்சுதுங்க. பக்கத்துல நிக்கிற என் வீட்டம்மாதான் தெரியல. இப்பவும் தெரியல."

மைக் வாங்கப்பட்டது. அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. திரும்பி வரும்போது பல்லவன் பஸ்ஸில் சாரின் மனைவி பேசவே இல்லை. இரண்டு விரலோடு நிறுத்தியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அம்மா மெல்லக் கேட்டார். சார் ஜன்னல் பக்கம் முழுதாகத் திரும்பி, பெத்சாயிதாவில் நடந்ததைச் சொன்னார். மாற்கு எட்டில் வருகிறது. இயேசு முதல் தடவை தொட்டுவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அந்த ஆள், மனிதர்கள் நடக்கிறார்கள், ஆனால் மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்கிறான். அப்புறம்தான் இரண்டாம் தடவை கை வைக்கிறார். "தெரியுது ஆண்டவரேன்னு மரியாதைக்குச் சொல்லிட்டு அவன் வீட்டுக்குப் போயிருந்தா, ஆயுசுக்கும் மரம்தாம்மா" என்றார். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார், பேச்சு நின்றுவிட்டது.

இன்னொரு தொடுதல் வரும் என்று அவர் காத்திருந்தாரா? தெரியாது. ஞாயிறு ஆராதனைக்கு ஒருநாளும் தவறியதில்லை. எங்கள் ஊரில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையார் 1890-லேயே பள்ளிக்கூடம் வைத்துவிட்டார், எனக்கென்ன குறை என்று சொல்லிக்கொண்டே கோடை விடுமுறையில் பாளையங்கோட்டைக்குப் போய்ப் பிரெயில் பழகினார். பத்தாம் வகுப்பில் அந்தக் கனத்த தாளும் ஆணியுமாக வகுப்புக்கு வருவார். பிரெயிலை வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், திருப்பிப்போட்டு இடமிருந்து வலமாகத் தடவ வேண்டும் என்பது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. யோவான் ஒன்பதை வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. 'குருடன்' என்ற இடத்தில் நாசூக்காகப் 'பார்வையற்றவன்' என்று மாற்றினேன். "எழுதியிருக்கிறபடி வாசிலே" என்றார். கடைசி மூன்று வசனத்தை அந்த வருடம் அவர் விளக்கவில்லை. நாங்களும் குருடரோ என்று பரிசேயர் கேட்கிறார்கள். குருடராயிருந்தால் பாவமிராது, காண்கிறோம் என்று சொல்வதால்தான் பாவம் நிலைநிற்கிறது என்று பதில் வருகிறது. நான் வாசித்து முடித்ததும் மணி அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு எதிரே பார்க்க முடியவில்லை.

1982-இல் பிளஸ் டூ முடிவு வந்ததும் மார்க் ஷீட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். முன்கூட்டியே ஓய்வு பெற்றிருந்தார். இருந்த பார்வை ஒரு சாவித் துவாரம் அளவுக்கு வந்திருந்தது. மார்க் ஷீட்டை முகத்துக்கு நேரே வைத்து ஒவ்வொரு எண்ணாக நகர்த்திப் படித்து, கணக்கில் நாலு மார்க் எங்கே போச்சு என்றார். நான் தேன் மிட்டாய்க் கதையைச் சொன்னேன். பரங்கிமலைப் படியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும்.

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அது எந்த மாசம்?"

"ஆகஸ்ட், சார். எட்டாம் வகுப்பு."

விரலை மடக்கி எண்ணினார். ஆகஸ்ட் முதல் அடுத்த வருடம் ஆகஸ்ட், அங்கிருந்து ஜனவரி. பதினேழு.

"எந்தப் பக்கம்?"

"இடது, சார்."

"ம்."

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சார் சுவர்க் கடிகாரம் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பி மணி என்ன என்று கேட்டார். நாலு என்றேன். சட்டைப் பையிலிருந்து சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"என் கை நடுங்குது. நீ விடு."

நாற்காலியின் முதுகில் தலையைச் சாய்த்தார். கீழ் இமையை நான் விரலால் இழுத்துப் பிடித்தேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்து காதுவரைக்கும் ஓடியது. இரண்டாவது சரியாக விழுந்தது. அவர் இமைத்தார், மருந்து எரிகிறது என்பது முகத்தில் தெரிந்தது. நான் புட்டியை மூடப்போனேன்.

"இன்னொரு கண்ணு இருக்குலே" என்றார்.