நெரிசலில் மட்டும் சூடேறும் கார்: முதலில் ஃபேனைப் பாருங்கள்

சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் 80-ல் போகும்போது டெம்பரேச்சர் முள் அசையாது. குரோம்பேட்டை நெரிசலில் ஊர ஆரம்பித்தால் மேலே ஏறும். மறுபடி ரோடு கிடைத்ததும் தானாக இறங்கிவிடும். உங்கள் கார் இப்படிச் செய்தால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வ்), ரேடியேட்டர், ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் சீல்) எதையும் கழற்ற விடாதீர்கள். முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான் விழவேண்டும். வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், ஃபேன் செத்துக் கிடந்தாலும் தெரியாது. வண்டி ஊரும்போது அந்தக் காற்று இல்லை, எல்லாம் ஃபேன் கையில். உள்ளே அடைத்துப்போன ரேடியேட்டர் என்றால் ஹைவேயிலும், முக்கியமாக மேடு ஏறும்போது, காட்டிக்கொடுத்திருக்கும்.

சோதிக்கும்போது முள்ளை மட்டும் நம்பவேண்டாம். பல கார்களில் சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது காலம் கடந்திருக்கும். ஒரு சாதாரண ப்ளூடூத் ஓ.பி.டி. அடாப்டரை (காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் கருவி) ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சொருகினால் கூலன்ட் சூடு எத்தனை டிகிரி என்று போனிலேயே பார்க்கலாம்.

எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் ஆரம்பியுங்கள். ரேடியேட்டரில் மூடி இருக்கும் கார் என்றால் அதைத் திறந்து உள்ளேயே கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் உபரி கூலன்ட் டப்பா நிறைந்திருப்பது சாட்சி ஆகாது: மூடியில் இருக்கும் சின்ன வால்வ் கெட்டால் டப்பாவில் இருப்பது திரும்ப உள்ளே போகாது, ரேடியேட்டர் காலியாகவே இருக்கும். மட்டம் சரி என்றால் ஸ்டார்ட் செய்து ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். பிறகு ஏசியை நிறுத்தி ஐடிலில் விடுங்கள். 80 டிகிரிகளில் தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் சூடாகும். 95 முதல் 100-க்குள் ஃபேன் ஓடி, சூட்டை நாலைந்து டிகிரி இறக்கிவிட்டு நிற்கவேண்டும். 105 தாண்டியும் ஃபேன் அசையவில்லை என்றால் எஞ்சினை நிறுத்துங்கள், குற்றவாளி கிடைத்துவிட்டது.

இனி மின்சாரப் பக்கம். பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியில் ஃபேன் ஃபியூஸைப் பாருங்கள், பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்தான் ரிலே. பக்கத்தில் அதே நம்பர் போட்ட வேறு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடுத்து கூலன்ட் சென்சரின் கப்ளரை (வயர் இணைப்பை) கழற்றி இக்னிஷன் ஆன் செய்யுங்கள். நிறைய கார்களில் சென்சர் தகவல் வராவிட்டால் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும்படி ஈ.சி.யு. (எஞ்சின் கம்ப்யூட்டர்) அமைந்திருக்கும். அப்படி ஓடினால் மோட்டார், ரிலே, வயரிங் நல்லவை. சென்சர் பக்கம் தேடுங்கள். ஓடாவிட்டால் ஃபேன் கப்ளரைக் கழற்றி, தடித்த வயரில் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. சுற்றினால் அந்தக் கப்ளரைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள்: வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, பின்னைச் சுற்றி உருகியிருக்கும். பல வண்டிகளில் கோளாறு இந்த ஒரு பின்தான்.

இரண்டு வேக ஃபேனில் மெதுவேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோவது இன்னொரு வழக்கமான கோளாறு. அப்போது ஃபேன் சூடு மிகவும் ஏறிய பிறகு ஒரேயடியாகப் பெருவேகத்தில் ஓடும். “ஃபேன் நல்லா ஓடுதே சார்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எத்தனை டிகிரியில் ஓட ஆரம்பிக்கிறது என்று கேளுங்கள்.

ஓடும் ஃபேனுக்கும் பலம் இருக்கவேண்டும். முன் கிரில்லில் ஒரு தாளை வைத்தால் அது இழுபட்டு ஒட்டிக்கொள்ளவேண்டும். விழுந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், எர்த் சரியில்லாமல் இருக்கலாம். புது மோட்டார் போட்ட வண்டி என்றால் வயர் மாறி ஃபேன் தலைகீழாகச் சுற்றலாம். அது காற்றை முன்பக்கம் தள்ளும், தாள் பறந்துவிடும்.

ஃபேன் பலமாக இழுத்தும் சூடேறினால் காற்று போகும் வழியைப் பாருங்கள். முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் அகல இடைவெளி இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ரேடியேட்டரின் மேல் போல்ட்டைக் கழற்றிச் சாய்த்தால் செத்த பூச்சியும் மண்ணும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். சாதாரண ஹோஸ் தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின் எனும் மெல்லிய தகடுகள் மடிந்தால் அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

பம்பர் அடிபட்டு டிங்கரிங் போய்வந்த வண்டியில் ரேடியேட்டரின் இரு பக்கத்திலும் இருக்கும் ஸ்பாஞ்ச் பட்டையும் பிளாஸ்டிக் தடுப்பும் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது சகஜம். அவை இல்லையென்றால் வண்டி நிற்கும்போது பின்னால் தள்ளிய சூடான காற்றே ஓரமாகச் சுற்றி முன்னால் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் போகும். பார்ட் விலை சொற்பம், பாதிப்பு பெரிது.

பட்டறையில் கிடைக்கும் இரண்டு வைத்தியங்களை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒன்று, ஃபேனை இக்னிஷனுக்கு ‘டைரக்ட்’ கொடுப்பது. கோளாறு அப்படியே இருக்கும், மோட்டார் ஓய்வில்லாமல் தேயும், ஃபியூஸ் இல்லாத மெல்லிய வயர் என்றால் தீப்பிடிக்கும். மற்றது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அது இல்லாவிட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே சுற்றி, நெரிசலில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும்.

ஃபேனும் காற்றுவழியும் சரி, ஆனாலும் ஐடிலில் ஏறுகிறதா? நியூட்ரலில் 2000 ஆர்.பி.எம். வைத்துப் பாருங்கள். சூடு இறங்கினால் வாட்டர் பம்ப்பில் இம்பெல்லர் (கூலன்ட்டைத் தள்ளும் சக்கரம்) தேய்வு அல்லது பெல்ட் வழுக்கல். டப்பாவில் விடாமல் குமிழி, காரணமில்லாமல் கூலன்ட் குறைவது, வெள்ளைப் புகை என்றால்தான் ஹெட் கேஸ்கட் பேச்சு.

வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். முள் ஏறும் நிலையிலேயே கவனித்தால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரைப் பெருவேகத்தில் வையுங்கள். அது ஒரு குட்டி ரேடியேட்டர், ஓரம் சேரும்வரை தாங்கும். மூடியை அரைமணி நேரமாவது தொடாதீர்கள், கொதிக்கும் எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வேலை முடிந்து கூலன்ட் நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்து குழாய் அடையும். கான்சென்ட்ரேட் என்றால் டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி. ரெடி மிக்ஸ் என்றால் அப்படியே. சிறிய காருக்கு நாலைந்து லிட்டர் பிடிக்கும். ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, குமிழி அடங்கும்வரை மெதுவாக நிரப்புங்கள். பொங்க ஆரம்பித்தால் உடனே மூடிவிடுங்கள். வண்டியில் காற்றெடுக்கும் திருகு இருந்தால், ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) நீங்க அதையும் தளர்த்தி விடவேண்டும். மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில், மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் நிரப்பிவிடலாம்.