மலாயாவின் பெயரில் பறந்த குண்டுவீச்சு விமானம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பால்மரக் காட்டில், பொழுது சாய்ந்ததும் மரத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோல் விட்டுவிட்டு ஒலிக்கும் குரல் பக்கிப் பறவையுடையது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிமீது இரவில் குண்டு வீசிய பிரிட்டிஷ் விமானப்படையின் 214ஆம் ஸ்குவாட்ரன் அந்த இனத்துப் பறவையைத்தான் தன் சின்னத்தில் வைத்திருந்தது. ‘இருளில் பழிவாங்குபவன்’ என்பது அதன் முழக்கம். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டரசு மலாய் மாநிலங்களின் பெயரையே அது தாங்கியிருந்தது. அந்த மாநிலங்கள் அதற்குப் பொருளுதவி செய்ததே காரணம். ரப்பரும் ஈயமும் ஈட்டிய பணம்தான், வேறென்ன? 1941இல் கிள்ளான் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள்.

1945 மார்ச் 14 இரவு, ஜெர்மானிய ரேடாரைக் குழப்பும் கருவிகளோடு சென்ற இப்பிரிவின் ஃபோர்ட்ரெஸ் விமானம் ஒன்று, திரும்பும் வழியில் தரைப்பீரங்கியால் அடிபட்டுத் தீப்பிடித்தது. விமானி ஜான் வின் தம் குழுவினரைப் பாராசூட்டில் குதிக்கச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் இருந்தார். தீ அணைந்துவிடவே, தனியாளாக விமானத்தை ஓட்டி பிரான்சில் ரீம்ஸ் நகரில் இறக்கினார். குதித்தவர்களோ கைதிகளானார்கள்.

அவர்களில் எழுவர் ஹூகன்ஃபெல்ட் கிராமத்துப் பள்ளியின் கீழறையில் அடைக்கப்பட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன்புதான், பிப்ரவரி 23 அன்று, பக்கத்து ஊரான ஃபோர்ட்ஸ்ஹைம் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் எரிந்து, ஏறக்குறைய 17,000 பேர் மாண்டிருந்தார்கள். கைதிகளை வன்முறையிலிருந்து காக்க வேண்டும் என்பது 1929ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கை. இருந்தும் ஹிட்லர் இளைஞர் படையினர் உள்ளிட்ட ஒரு கும்பல் அவர்களை இழுத்துச் சென்று நால்வரைச் சுட்டுக் கொன்றது; தப்பியோடிய மூவரில் ஒருவர் மறுநாள் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். எரிந்த ஊரின் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனால் நிராயுதபாணிகளைச் சுட்டதற்கு அதை ஒரு சாக்காக என்னால் ஏற்க முடியவில்லை.

பிழைத்தவர்களில் ஒருவரான டாம் டேட் வெறுங்காலோடு ஓடியவர். மீண்டும் பிடிபட்டபோது ராணுவத்தார் அவரைக் கும்பலிடம் விடாமல் காத்தனர். ஒரு ஜெர்மானியப் பெண் அவருக்குப் பூட்ஸ் கொடுத்தார். பல்லாண்டுகள் கழித்து டேட் அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போனார். வின், அங்குள்ள பாலர் பள்ளிக்கு ஒரு மரக்குதிரையை அனுப்பிவைத்தார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். எண்பத்தெட்டு வயதாகும் அவர், 1943இல் தம் சித்தப்பா ஜப்பானியரின் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றப்பட்டதைச் சிறுமியாக லயத்து வாசலில் நின்று பார்த்தவர். சித்தப்பா திரும்பவில்லை.

“அந்தப் பொம்பள பூட்ஸ் குடுத்தாளே, காசு வாங்கினாளாய்யா?” என்று அம்மா கேட்டார்.

“இல்லம்மா.”

“எங்க சித்தப்பா காலுலயும் ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு, முருங்கைக் கீரையை மீண்டும் உருவத் தொடங்கினார்.