அண்ணாமலையாருக்கு அம்மா கட்டிய மாலை

அப்பாவுக்கு பைபாஸ் நடந்த அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து அம்மா வேண்டிக்கொண்டது இதுதான்: "இவர் எழுந்து நடமாடினால் போதும். கார்த்திகை தீபத்துக்கு என் கையால் மாலை கட்டிச் சாத்துகிறேன். தீபத்துக்கு நெய் கொடுக்கிறேன். இவரையே உன் மலையைச் சுற்ற வைக்கிறேன்." அண்ணாமலையார் கேட்டுக்கொண்டார். எங்களுக்குத்தான் நேரம் கூடிவராமல் தள்ளிப்போய், இந்தக் கார்த்திகைக்குத்தான் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தோம்.

தீபத்துக்கு முந்தின நாளே போய்விட்டோம். தீபத்தன்று கோயிலுக்குள் நுழைவது நம்மைப் போன்றவர்களால் ஆகிற காரியமில்லை. ஊருக்குள் கால் வைத்ததுமே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கூப்பிடு தூரத்துக்கு அவர்கள் கேட்ட காசைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். "க்யூ வேண்டாம் சார், நேரா சந்நிதிக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர் ராஜகோபுரம் வரைக்கும் எங்களை விடவில்லை. தயவுசெய்து இப்படிப்பட்டவர்களிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். 217 அடி கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பொது வரிசையில் நில்லுங்கள். நேரமாகும், ஆனால் மனசு கலையாது.

மாலையைத் தங்கியிருந்த அறையிலேயே அம்மா கட்டிவிட்டார். மஞ்சள் சாமந்தி, நடுநடுவே வில்வமும் மரிக்கொழுந்தும், எல்லாம் வாழைநாரில். அதை ஈரத்துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். நெரிசல் கூடக்கூட, பூ கசங்கிவிடும் என்று அம்மா மாலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். கை வலிக்கும், நான் பிடிக்கிறேன் என்றால் தரவில்லை.

வரிசை நகராத நேரத்திலும் எனக்குக் கொஞ்சமும் அலுக்கவில்லை, ஏனென்றால் உள்ளே பூ வேலை நடந்துகொண்டிருந்தது. தூண்களில் வாழைமரம் கட்டி, தென்னங்குருத்துத் தோரணம் பின்னி, மேலிருந்து சாமந்திச் சரங்களை நெருக்கமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூடை கூடையாகப் பூ வந்தபடியே இருந்தது. நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியம்மா சம்பங்கி தொடுத்துக்கொண்டிருந்தார். கண் எங்களைப் பார்க்கிறது, விரல் பாட்டுக்கு ஓடுகிறது. ஒரு பூ முன்னே, ஒரு பூ பின்னே, நாரைச் சுற்றி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். காம்பு பழுத்த பூவை மட்டும் பார்க்காமலே தள்ளிவிடுகிறார்.

"நாளைக்குத் தீபம் ஏத்தும்போது உள்ளேதான் இருப்பீங்களாக்கா?" என்று அம்மா கேட்டார்.

"எங்க வேலை இன்னிக்கு ராத்திரியோட முடிஞ்சிடும்மா. நாளைக்கு வீட்டு மாடியில நின்னு மலையைப் பார்ப்போம். பூதான் உள்ளே இருக்குதே, அது போதும்" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போதெல்லாம் எத்தனையோ இடங்களில் பிளாஸ்டிக் சாமந்தியைத் தொங்கவிட்டு அலங்காரம் என்கிறார்கள். வாடாத பூவில் வாசமும் இல்லை, ஒருவருடைய கைச்சூடும் இல்லை. சாமிக்கு அது வேண்டவே வேண்டாம்.

சந்நிதிக்குள் போனதும் அந்த வெக்கை. அக்னித் தலமல்லவா! குருக்கள் மாலையை வாங்கி அண்ணாமலையாருக்குச் சாத்தினார். தீபாராதனை வெளிச்சத்தில் அந்தச் சாமந்தி பொன்னாக மின்னியதைப் பார்த்தேன். அம்மா வேண்டியது எதையும் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. "கொடுத்துட்டேன்பா, கொடுத்துட்டேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குள் "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஊரிலிருந்து வந்து நிற்கிற வயதானவர்களை இப்படி முதுகில் கை வைத்துத் தள்ள வேண்டுமா? ஆனாலும் அந்த ஒரு கணம் போதும். குருக்கள் கொடுத்த பூவை அம்மா அப்பாவின் சட்டைப்பையில், அந்தத் தையல் போட்ட நெஞ்சுக்கு மேலேயே வைத்தார்.

மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு உள்ளே பரணி தீபம். மதியத்துக்கு மேல் நாங்கள் கிரிவலம் கிளம்பினோம். 14 கிலோமீட்டர், வெறுங்கால். அன்னதானம் வாங்கிச் சாப்பிட்ட தட்டுகளைப் பாதையெங்கும் போட்டிருந்ததைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. லிங்கமாக நிற்கிற மலையின் காலடியல்லவா அது. அப்பா அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். பாதையில் இருக்கிற எட்டு லிங்கங்களில் ஒன்றான நிருதி லிங்கம் தாண்டியபோது மணி ஆறை நெருங்கிவிட்டது. கூட்டம் தானாகவே நின்றது. எல்லோரும் மலை பக்கம் திரும்பிவிட்டோம்.

அந்நேரம் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவார். வருஷத்துக்கு ஒருமுறை, சில நிமிஷம்தான். ஒருவர் செல்போனில் நேரலை ஓடிக்கொண்டிருக்க, அந்தச் சின்னத் திரையை நாங்களும் எட்டிப் பார்த்தோம். பூவுக்குள் பூவாக, பாதி அப்பன் பாதி அம்மையாக ஆடி வந்தார். முந்தின நாள் பார்த்த பூச்சரங்கள் அங்கே தெரிகின்றனவா என்று அம்மா தேடினார். தேடும்போதே "அரோகரா" என்று ஒரு பேரொலி எழுந்தது. நிமிர்ந்தால், 2,668 அடி உச்சியில் ஜோதி!

3,500 கிலோ நெய், ஆயிரம் மீட்டர் காடாத் துணித் திரி என்பார்கள். அதில் எங்கள் வீட்டு நெய்யும் ஒரு சொட்டாக எரிகிறது என்று நினைத்தபோது அழுகையை அடக்க முடியவில்லை. பெரிய சத்தம் போட்டே பழகாத அப்பா இரண்டு கையையும் தூக்கி "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கத்தினார். மூச்சு வாங்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவரிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதேயில்லை. பாதையோரத்து வீடுகளில் தீபத்துக்காகவே காத்திருந்தவர்கள் வாசல் கோலத்தில் அகல் ஏற்றத் தொடங்கினார்கள். சிலர் அகலைச் சுற்றிச் செம்பருத்தியும் அரளியும் வைத்திருந்தார்கள். மீதித் தூரத்தை நாங்கள் எப்படி நடந்தோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அண்ணாமலையார்தான் நடத்தினார். அப்பா ஈசானிய லிங்கத்தையும் கும்பிட்டு ராஜகோபுர வாசல் வரை வந்து முடித்தார்.

தீபம் 11 நாள் எரிந்தது. தீபக் கொப்பரையில் படிந்த கரியில் எடுக்கிற தீப மையை, இனி மார்கழித் திருவாதிரையில் நடராஜருக்குச் சாத்திய பிறகு கொடுப்பார்கள். அதை வாங்கத் தானே போவதாக அப்பா சொல்லிவிட்டார். துணைக்கு நான் வருகிறேன் என்றதற்கு, "வேண்டாம்பா, இந்தத் தடவை நானே பஸ் ஏறிப் போறேன்" என்கிறார். அம்மா இப்போதே எந்த நிறச் சாமந்தி வாங்குவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.