கண் வைக்காத யானை

வாந்திதான் என்னைக் குரோஷே என்னும் கொக்கி ஊசிப் பின்னல் பக்கம் தள்ளியது. 2025 மே மாதக் கடைசி, கர்ப்பத்தில் ஆறாவது வாரம். கைப்பேசித் திரையைப் பார்த்தால் குமட்டும், பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் குமட்டும், குரோம்பேட்டை வெயிலில் மாடிப்படி இறங்கினாலே குமட்டும். கையைச் சும்மா வைத்துக்கொண்டு படுத்திருந்தால் இன்னும் மோசம். பள்ளியில் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த செயின் பின்னல் மட்டும் விரலுக்கு மறக்கவில்லை. பீரோவில் கிடந்த ஊசியையும் எப்போதோ ஸ்வெட்டருக்கென்று வாங்கிய உல்லன் நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். (சென்னையில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த ஸ்வெட்டர் பிறக்கவே இல்லை.)

பஞ்சடைத்துப் பின்னும் இந்தப் பொம்மைகளுக்கு ஜப்பான்காரர்கள் வைத்த பெயர் அமிகுருமி. பெயர் பெரிதாக இருந்தாலும் கணக்கு சின்னதுதான். விரலில் நூலைச் சுற்றி, அந்த வளையத்துக்குள் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, ஆகப் பன்னிரண்டு. அதற்கடுத்தது ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, ஆகப் பதினெட்டு. இப்படிச் சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போனால் தட்டை வட்டம் வரும். கூட்டாமல் நேராகப் போட்டால் கிண்ணமாகும். போன கணக்கிலேயே திரும்பிக் குறைத்துக்கொண்டு வந்தால் பந்து. சுற்று எங்கே தொடங்கியது என்று தெரிய ஒரு கண்ணியில் ஊக்கு மாட்டிவைக்க வேண்டும். அந்த ஊக்கை நான் தொலைக்காத நாள் கிடையாது.

முதல் பந்து உள்பக்கம் வெளியே வந்து, சொரசொரவென்று பலாக்காய் மாதிரி இருந்தது. ஆறாவது பந்துதான் பந்து. அதற்குள் பன்னிரண்டாவது வாரம் வந்துவிட்டது. முதல் ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது கையில் யானைத் தலை ஒன்று இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, "விலைக்குத் தருவியாம்மா?" என்று கேட்டார். யோசிக்காமல் 450 ரூபாய் என்று சொல்லிவிட்டேன். எப்படி அந்த எண் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. அவர் பேரம் பேசவில்லை. அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நூல் வாங்கப் பாரிமுனை. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தால் குரோம்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை சமாளித்துவிடலாம். அங்கிருந்து பர்மா பஜாரைக் கடந்து என்.எஸ்.சி. போஸ் ரோடு. சந்துக்குள் நூல் மொத்தக் கடை ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். கடைக்கார அண்ணன் எனக்கு மட்டும் ஸ்டூல் போடுவார். அக்ரிலிக் நூல் மலிவு, ஆனால் கொஞ்ச நாளில் முடி முடியாகப் பிரிந்து நிற்கும். பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த மில்க் காட்டன் கைக்கு இதம். நான் அதற்கு மாறி, 2.5 மி.மீ. ஊசியில் நெருக்கமாகப் பின்னப் பழகிக்கொண்டேன். தளர்ந்த பின்னலில் இடைவெளி வழியாகப் பஞ்சு எட்டிப் பார்க்கும்.

பஞ்சு என்றதும் அத்தையின் யோசனை நினைவுக்கு வருகிறது. என் மாமியார் வயர் கூடை பின்னுவதில் கெட்டிக்காரர். சிவன் கண் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். "கடைப் பஞ்சு எதுக்கும்மா, தலையணையில இலவம்பஞ்சு இருக்கு பாரு" என்றார். அடைத்துப் பார்த்தேன். முதல் நாள் அழகாகத்தான் இருந்தது. துவைத்ததும் யானையின் வயிற்றுக்குள் நாலு கட்டியாகத் திரண்டு, இரண்டு நாள் ஃபேனுக்கடியில் வைத்தும் ஈரம் போகவில்லை. இலவம்பஞ்சு தலையணைக்கே இருக்கட்டும் என்று ரெக்ரான் என்கிற பாலியஸ்டர் பஞ்சுக்கே திரும்பினேன்.

ஜூலை முடிவதற்குள் ஏழு யானைகள் விற்றிருந்தேன். ஒரு யானைக்கு நூல் 100 ரூபாய், பஞ்சும் கண்ணும் 25. நேரம் ஒன்பது மணி. மிச்சம் 325 ரூபாயை ஒன்பதால் வகுத்தால் மணிக்கு 36 ரூபாய். என் வீட்டுக்காரர் கால்குலேட்டரில் போட்டுக் காட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் டீ போட எழுந்துபோனார். புத்திசாலி.

அப்புறம்தான் அந்தக் கண் விஷயம்.

இந்தப் பொம்மைகளுக்கு வைக்கும் பிளாஸ்டிக் கண்ணுக்குக் கடையில் 'சேஃப்டி ஐ' என்று பெயர். வெளியே கறுப்பு மணி, உள்ளே தண்டு, பின்னால் வாஷர். வாஷரைத் தள்ளி அழுத்தினால் திரும்ப வராது. பெயரிலேயே சேஃப்டி இருப்பதால் நானும் நிம்மதியாக இருந்தேன். ஆகஸ்ட் முதல் வாரம், கீழ்வீட்டில் என் யானையை வாங்கியவர் மேலே வந்தார். கோபமாகக்கூட இல்லை. கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் யானையின் ஒரு கண், வாஷரோடு முழுசாக. அவருடைய பத்து மாதப் பையன் காதிலிருந்து ஆரம்பித்து முகம் முழுவதும் சப்பியிருக்கிறான். நூல் நனைந்து தளர்ந்ததில் கண்ணி அகன்று, வாஷரே அந்த ஓட்டை வழியாக வந்துவிட்டது. தண்டு உடையவில்லை, வாஷரும் கழலவில்லை. என் பின்னல்தான் வழிவிட்டது.

"வாயில போறதுக்குள்ள பாத்துட்டேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பதினேழாவது வாரம். உள்ளே இருப்பது அசைவது லேசாகத் தெரிய ஆரம்பித்த நாட்கள் அவை. அதுவரை நான் போட்டோவுக்கு அழகாக இருக்கிற பொம்மையைத்தான் செய்துகொண்டிருந்தேன். குழந்தை பொம்மையைப் பார்க்காது, தின்னும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மற்ற ஆறு பேருக்கும் போன் செய்தேன். நாலு யானைகள் திரும்பி வந்தன. கண்ணைப் பிடுங்கிவிட்டு நூலிலேயே தைத்துக் கொடுத்தேன். இரண்டு பேர், "பரவாயில்லம்மா, ஷோகேஸ்லதான் இருக்கு" என்றார்கள். கண்ணில்லாமல் மேஜைமேல் வரிசையாக நின்ற நாலு யானைகளைப் பார்த்து அத்தை, "மாசமா இருக்கிற வீட்ல யார் கண்ணும் படாம இருக்கிறது நல்லதுதான்" என்றார்.

அந்த வாரம்தான் சட்டம் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மை எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவுக்கான அடையாள அட்டைக்குப் பெஹ்சான் என்று பெயர். நான் விண்ணப்பித்தேன். அட்டை வரும்வரை குழந்தைப் பொம்மை விற்பதில்லை என்று முடிவு. வேண்டியவர்களுக்குச் சும்மா கொடுப்பேன், தைத்த கண்ணோடு.

இன்னொன்றும் தெரிந்தது. மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைகளின் பொம்மைக்கு ஒரு சோதனைக் குழாய் இருக்கிறது. உள்விட்டம் 31.7 மி.மீ., அடிப்பகுதி சாய்வாக இருக்கும். பொம்மையோ அதிலிருந்து கழன்ற துண்டோ அதற்குள் முழுசாக அடங்கினால் தொண்டையில் அடைக்கும் அபாயம் உண்டு என்று பொருள். கெட்டி அட்டையைச் சுருட்டி அதே அளவில் ஒரு குழாய் செய்தேன். சோதனைச்சாலைக்கு ஆகாது, எனக்குப் புத்தி வர அது போதும். வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் அதில் போட்டுப் பார்க்கிற பழக்கம் அன்றைக்குத் தொற்றியது. பேனா மூடி, பொத்தான், என் வீட்டுக்காரருடைய இயர்போனின் காது ரப்பர். எல்லாம் உள்ளே போயின.

சாயத்துக்கும் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, ராத்திரி முழுக்க ஒரு கனத்துக்கு அடியில். காலையில் சிவப்பும் கருநீலமும் துணியில் அச்சாக இறங்கியிருந்தன. சப்புகிற குழந்தையின் வாயில் அதுதானே இறங்கும்? அந்த இரண்டும் ஒதுக்கம்.

யானை விற்பனை நின்றதும் கொலு வந்து காப்பாற்றியது. கொலுவில் செட்டியார் கடை வைப்பார்களே, அந்தக் கடைக்குக் காய்கறி பின்னலாம் என்று தோன்றியது. கத்திரிக்காய்தான் முதல் சரக்கு. ஊதா நூலில் 6, 12, 18 வரை ஏறி, எட்டுச் சுற்று நேராகப் போய், பஞ்சு அடைத்துச் சுருக்கிவிட்டால் உடம்பு தயார். பச்சையில் ஐந்து சின்ன இதழ் பின்னி மேலே தைத்தால் காம்பு. அந்தக் காம்பை வைக்கும்வரை அது வெறும் ஊதா உருண்டை. வைத்த நொடியில் கத்திரிக்காய். பூசணிக்கு உச்சியிலிருந்து அடிவரை நூலை இழுத்து இழுத்துக் கட்டினால் பள்ளம் விழும். வெண்டைக்காய் மட்டும் கடைசிவரை பச்சை மிளகாய் மாதிரியே வந்தது. வாங்கியவர்கள் அதை மிளகாய் என்றே பாராட்டினார்கள். நானும் ஆமாம் என்றேன்.

எட்டுக் காய் ஒரு செட், 300 ரூபாய். நாலு மணி நேர வேலை, நூலும் பஞ்சும் 45. மணிக்கு 64 ரூபாய் நிற்கிறது. யானையைவிட எவ்வளவோ மேல். பதினாலு செட் போயிற்று. மரப்பாச்சி ஜோடிகளுக்குப் பாவாடை, வேட்டி, சட்டை என்று ஐந்து ஆர்டர் வந்தது தனிக்கதை. மரப்பாச்சிக்குத் தோளும் கையும் உடம்போடு ஒட்டியிருக்கும் என்பதை மறந்து கை வைத்த சட்டை பின்னி, மாட்ட முடியாமல் பிரித்தேன்.

அந்தக் காய்கள் ஒவ்வொன்றும் என் அட்டைக் குழாய்க்குள் சுலபமாகப் போகும். அதனால் எல்லாப் பையிலும் ஒரு சீட்டு: 'கொலு அலங்காரத்துக்கு மட்டும். குழந்தை கையில் கொடுக்க வேண்டாம்.' ஒருவர் அதைப் படித்துவிட்டு, "என்னங்க, பூச்சி மருந்து விக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க?" என்றார். எழுதினது எழுதினதுதான்.

நடுவில் செப்டம்பர் 7 ராத்திரி முழுச் சந்திர கிரகணம். கொலுவுக்கு இரண்டே வாரம். காம்பு வைக்காத கத்திரிக்காய் பதினாலு பாக்கி. ஒன்பது மணிக்கே அத்தை வந்து நின்றார்.

"ஊசி, கத்தரிக்கோல் எதையும் தொடாதேம்மா."

"அத்தை, இது குத்துற ஊசி இல்ல, கொக்கிதான்."

"கொக்கின்னா இன்னும் மோசம். கொடு."

கூடையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு பத்து மணிக்குப் படுத்து விடியும்வரை தூங்கினேன். மறுநாள் காலை கூடை திரும்பி வந்தபோது மூன்று காய்களுக்குக் காம்பு தைத்திருந்தது. கிரகணம் விட்ட பிறகுதான் தைத்ததாகச் சொன்னார். அவருடைய காம்பு என்னுடையதைவிட நன்றாக இருந்ததை இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தீபாவளிக்கும் சீமந்தத்துக்கும் இடையில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. முப்பதாவது வாரம் கை மரத்துப்போக ஆரம்பித்தது. நடுராத்திரி விழித்தால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் யாருடைய விரல்களோ மாதிரி இருக்கும். கர்ப்பகாலத்தில் உடம்பில் நீர் கோத்து மணிக்கட்டு நரம்பை அழுத்துவதால் வருவது, நிறைய பேருக்கு உண்டு, பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிடும் என்றார் டாக்டர். ராத்திரிக்கு மணிக்கட்டுப் பட்டை கொடுத்தார். என் கூடையைப் பார்த்துவிட்டு, "இதையும் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றார். ஒரு தடவைக்கு இருபது நிமிடம், பிறகு கையை உதறிவிட்டு எழுந்து நடப்பது என்று வைத்துக்கொண்டேன். ஊசிப் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினேன். அது கடையில் விற்கிற ரப்பர் பிடியைவிட நன்றாகவே உழைக்கிறது.

டிசம்பர் முதல் வார மழையில் வெளியே போகவே முடியவில்லை. அலமாரியில் மூடி வைத்திருந்த பருத்தி நூலில் பூசண வாடை. இரண்டு கட்டு வீண். இப்போது நூலெல்லாம் காற்றுப்புகாத டப்பாவில், கூடவே சிலிக்கா பொட்டலம். அந்தப் பொட்டலமும் குழாய்க்குள் போகிற சாமான்தான். ஜனவரிக்குப் பிறகு டப்பாவுக்கு மேல்தட்டுதான் இடம்.

இன்று முப்பத்தாறு முடிந்தது. பெஹ்சான் அட்டை இன்னும் வரவில்லை, புது ஆர்டரும் எடுப்பதில்லை. எங்கள் குழந்தைக்கு என்று ஒன்றும் பின்னவில்லை. பிறக்கும் முன் எதுவும் சேர்க்கக் கூடாது என்பது அத்தையின் கட்சி, எனக்கும் கை மரப்பு. ஆஸ்பத்திரிப் பையில் ஃபைல், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எழுதிய அட்டை, பழைய பருத்தித் துணிகள் மட்டும்.

நேற்று பரண் சுத்தம் செய்யும்போது அத்தை ஒரு துணி மூட்டையை இறக்கினார். உள்ளே அரை அடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மரப்பாச்சி. செம்மரம். நிறம் மங்கி, பாதத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம். விரலால் தடவிப் பார்த்தேன்.

"உன் வீட்டுக்காரன் பல்லுதான். எட்டாம் மாசத்துல ஆரம்பிச்சான்" என்றார்.

எடுத்துக்கொண்டு போய் அட்டைக் குழாயில் விட்டுப் பார்த்தேன். தலை போயிற்று. தோள் தட்டி நின்றுவிட்டது. அப்படியானால் பாஸ். இதற்காவது ஒரு சட்டை பின்னட்டுமா, சாயம் போகாத நூலில், கை வைக்காமல் என்று கேட்டேன்.

"சட்டை எதுக்கு? கடிக்கத்தானே போகுது" என்றார் அத்தை, வெந்நீரில் அலசப் பாத்திரம் தேடிக்கொண்டே.