ஆக்டேவியா ஆர்எஸ்: பெரிய டர்போவுக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

2017-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸின் 2.0 லிட்டர் டர்போ என்ஜின் 230 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது. நான் வைத்திருப்பதும் அதுதான். அதன் திறனைக் கட்டம் கட்டமாகக் கூட்டி வருகிறேன். முதல் கட்டத்தில் எந்தப் பாகத்தையும் மாற்றாமல், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருளை மட்டும் திருத்தி, டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை (பூஸ்ட்) கூட்டினோம்.

அடுத்த நாளே, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபோது வண்டி விக்கியது. தவறு என்னுடையதே: நான் மாற்றாமல் விட்டிருந்த பழைய ஸ்பார்க் பிளக்குகளின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்ததால், கூடிய அழுத்தத்தில் பொறி தாண்ட முடியவில்லை. இடைவெளியைச் சற்றுக் குறைத்துப் புதியவற்றைப் போட்டதும் விக்கல் நின்றது.

இரண்டாம் கட்டம் என்றாலே பலரும் சத்தத்துக்காக, டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப்பைத்தான் முதலில் தேடுகிறார்கள். நம் வெயிலுக்கு, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலரே முதலில் வேண்டும் என்பது என் கருத்து; உள்ளே போகும் காற்று சூடேறினால், எரிபொருள் கட்டுப்பாடின்றி எரிந்து என்ஜின் தட்டாமல் இருக்க, ஈசியூ பொறி விழும் நேரத்தை (இக்னிஷன்) பின்தள்ளிவிடும், கூட்டிய திறன் அங்கேயே கரைந்துவிடும்.

மூன்றாம் கட்டம் பெரிய டர்போ. அதைத் தொடுவதற்கு முன், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் அந்த முறுக்குவிசையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்; ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். நான் இன்னும் இரண்டாம் கட்டத்திலேயே இருக்கிறேன்.